வழிகாட்டிக்கு ஒரு நாற்காலி

அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பைக்கின் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் பாருங்கள். நண்டு தன் கொடுக்கால் கவ்விக்கொண்ட மாதிரி ஒரு மொபைல் ஹோல்டர். அதற்குள் செல்போன். திரையில் ஒரு நீலக்கோடு. நம்பிக்கை போதாமல் குறுக்கே இரண்டு ரப்பர் பேண்ட் வேறு.

சின்ன சமாச்சாரம்தான். சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும். வாங்கி, ஸ்க்ரூவை முடுக்கி, போனை மாட்டினால் வேலை முடிந்தது.

முடிந்ததா? ம்ஹும். அந்த ரப்பர் பேண்டுக்குப் பின்னால் முந்நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது. கப்பல்கள் உடைந்த கதை. பாலைவனத்தில் மனிதர்கள் தொலைந்த கதை. ஐசக் நியூட்டனே கைவிரித்த கதை.

கேள்வி ரொம்ப எளிமையானது. நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் கருவியை, ஆடிக்கொண்டே போகும் ஒரு வண்டியில் எப்படிப் பத்திரமாக உட்கார வைப்பது?

1707, அக்டோபர் மாதம். பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்கள் ஜிப்ரால்டரிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. தலைமை, அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷவல். மோசமான வானிலை. கணக்குப் போட்டுப் பார்த்து, ஆழமான கடலில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்திருந்த இடம், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் சில்லி தீவுகளின் பாறைகள். நான்கு கப்பல்கள் காலி. இறந்தவர்கள் 1,400 பேருக்குக் குறையாது. அட்மிரலும் போய்ச் சேர்ந்தார்.

கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது அப்போதே சுலபம். சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ அளந்தால் போதும். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதுதான் தலைவலி. அதற்கு நேரம் தெரிய வேண்டும். கப்பலில் இப்போது மணி என்ன, புறப்பட்ட ஊரில் மணி என்ன? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரம். ஒரு மணி நேரம் வித்தியாசம் என்றால் 15 டிகிரி. கப்பலின் மணியை சூரியனே சொல்லிவிடும். புறப்பட்ட ஊரின் மணியைத் தெரிந்துகொள்ள, துறைமுகத்திலேயே சரியாக வைத்த கடிகாரம் ஒன்று கூடவே வர வேண்டும்.

'கடிகாரம்தானே? எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே?' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். அன்றைக்கு நம்பகமான கடிகாரம் என்றால் பெண்டுலம் வைத்ததுதான். கப்பல் ஒரு ஆட்டம் ஆடினால் பெண்டுலம் வேறொரு ஆட்டம் ஆடும். கதை கந்தல்.

1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்காக ஒரு குழு போட்டு நியூட்டனிடம் யோசனை கேட்டது. கடிகாரம் ஒரு வழிதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கப்பலின் ஆட்டம், சூடு, குளிர், ஈரம் எல்லாவற்றையும் தாங்கும் கடிகாரத்தை இதுவரை யாரும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட்டார். அதே ஆண்டு சட்டம் வந்தது. அரை டிகிரிக்குள் துல்லியமாகச் சொல்ல வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு!

பரிசைத் துரத்தியவர் ஒரு தச்சர். ஜான் ஹாரிசன். பல்கலைக்கழகப் பக்கம் போகாத மனிதர். அவர் செய்த முதல் கடல் கடிகாரத்தின் எடை சுமார் 34 கிலோ. பெண்டுலத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஒன்றுக்கொன்று எதிராக ஆடும் இரண்டு பாரங்களை வைத்தார். கப்பல் ஒன்றை முன்னே தள்ளினால் இன்னொன்றைப் பின்னே இழுக்கும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம்.

விடாமல் உழைத்து, 1759-ல் நான்காவது கடிகாரத்தை முடித்தார். ஒரு பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி, 13 சென்டிமீட்டர் அகலம். 1761-ல் அது ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாட்கள் கழித்துப் பார்த்தால், பிசகியது சுமார் 5 விநாடி. அவ்வளவுதான்! அந்த அதிசயக் கடிகாரத்தை கப்பலில் எதன் மேல் வைத்திருந்தார்கள் தெரியுமா? ஒரு மெத்தையின் மேல்.

பாராட்டெல்லாம் கடிகாரத்துக்குப் போனது. மெத்தையைப் பற்றி யார் பேசினார்கள்?

ஒருவர் பேசினார். கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு 1831-ல் புறப்பட்ட பீகிள் கப்பலின் கேப்டன். உலகைச் சுற்றிக் கடற்கரைகளை அளப்பது அவருடைய வேலை. கப்பலில் ஒன்றல்ல, 22 கிரோனோமீட்டர்கள். ஒவ்வொன்றும் மரப்பெட்டிக்குள், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிமிர்ந்தே நிற்கும் வளையத்தில் தொங்கியது. அந்தப் பெட்டிகளை அப்படியே அலமாரியில் வைத்துவிடவில்லை அவர். தடுப்பு தடுப்பாகப் பிரித்து, கீழே மரத்தூளைக் கொட்டி, அதன் மேல் உட்கார வைத்தார்.

அதோடு விட்டாரா? ஆணி அடித்த மாதிரி ஒரு சோதனையும் செய்தார். கிரோனோமீட்டரின் கண்ணாடி மேல் பொடியைத் தூவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மேல்தளத்தில் ஆட்கள் ஓடினாலும், பீரங்கி வெடித்தாலும், நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கினாலும் பொடி அசையவில்லை. உலகைச் சுற்றி முடித்து அவர் போட்ட கணக்கு, 24 மணி நேரத்தைவிட சுமார் 33 விநாடிதான் கூடுதலாக வந்தது.

மரத்தூளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு வரும்போது உதவும்.

சரி, கடலிலிருந்து கரையேறுவோம். 1909-ல் அமெரிக்காவில் கார்களுக்காக 'ஜோன்ஸ் லைவ் மேப்' என்று ஒரு கருவி வந்தது. வட்டமான காகிதத் தட்டில் போக வேண்டிய வழி அச்சாகியிருக்கும். சக்கரத்திலிருந்து வரும் கேபிள் அதைச் சுற்றும். வண்டி நகர நகர, எங்கே திரும்ப வேண்டும் என்று தட்டு சொல்லும். 1981-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் கைரோஸ்கோப்பை வைத்துக் காருக்கு வழிகாட்டி செய்தது. வாயு ஓட்டத்தை வைத்துத் திருப்பங்களைக் கண்டுபிடிக்கும். திரைக்கு மேல் ஊர்ப்படம் அச்சான பிளாஸ்டிக் தாளைச் செருக வேண்டும்.

கவனித்தீர்களா? எல்லாம் காருக்கு. பைக்குக்கு?

பைக் பாவப்பட்ட ஜென்மம். டேஷ்போர்டு கிடையாது. கூரை கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேப் படிக்க ஆள் கிடையாது. பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த மேப். ரொம்ப காலத்துக்கு இதுதான் பைக்காரரின் வழிகாட்டி.

அது போதாது என்று உயிரைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டவர் தியரி சபைன். பிரான்ஸ்காரர். 1977-ல் அபிஜானிலிருந்து நீஸ் வரை நடந்த ராலியில் பைக்கில் கலந்துகொண்டு, சஹாராவில் வழி தவறினார். சாவின் விளிம்பில் இருந்தவரை மீட்டு வந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பாலைவனத்தின் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். சபைன் என்ன செய்தார் தெரியுமா? 'இந்த அனுபவம் எல்லோருக்கும் கிடைக்கட்டும்' என்று ஒரு பந்தயத்தையே ஆரம்பித்துவிட்டார். பாரிஸ்-டக்கார் ராலி!

1978 டிசம்பர் 26. பாரிஸிலிருந்து 182 வண்டிகள் கிளம்பின. அதில் 90 பைக்குகள். 10,000 கிலோமீட்டர். டக்கார் வரை போய்ச் சேர்ந்தவை 74. ஜெயித்தவர் சிரில் நெவூ, யமஹா எக்ஸ்டி 500-ல்.

அந்தப் பாலைவனத்தில் காரில் போனவர்களே தொலைந்தார்கள். 1982-ல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க், கூட ஆட்கள் இருந்தும் ஆறு நாட்கள் காணாமல் போனார். அப்படியானால், ஒற்றை ஆளாகப் பைக்கில் போகிறவர்?

அவருக்குக் கைகொடுத்தது ஒரு காகிதச் சுருள். ரோட் புக் என்பார்கள். 'இத்தனை கிலோமீட்டரில் ஒரு பள்ளம், அதைத் தாண்டி வலது' என்று படமும் குறிப்புமாக வரிசையாக இருக்கும். சுருளை ஒரு பெட்டிக்குள் இரண்டு உருளைகளில் மாட்டி, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே வைப்பார்கள். முதலில் கையால் உருட்டினார்கள். பிறகு மோட்டார் வந்தது. இடது கைக்கு அருகே ஒரு சுவிட்ச். கையை எடுக்காமலே சுருளை நகர்த்தலாம்.

இதிலிருந்து ராலிக்காரர்கள் ஒரு பாடம் கற்றார்கள். கருவிகளை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதே! முன்னால் ஒரு தூண் மாதிரி சட்டம் அடித்து, அதை வண்டியின் ஃப்ரேமோடு போல்ட் போட்டு இறுக்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்று. ஹேண்டில்பார் திரும்பினாலும் கருவி திரும்பாது. 1992-ல் பாரிஸ்-கேப் டவுன் பந்தயத்தில் ஜிபிஎஸ் முதன்முதலாக வந்தபோது, பைக்கில் அதற்கான சிம்மாசனத்துக்கு யோசனை தயாராக இருந்தது. நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு. 2024 டக்காரில் 'ராலி 2' பிரிவில் ஜெயித்த கேரளத்து ஹரித் நோவா ஓட்டியது, ஓசூர் டி.வி.எஸ். பங்குபெறும் ஷெர்கோ டி.வி.எஸ். அணியின் பைக்.

ஜிபிஎஸ் என்பதும் கடைசியில் என்ன? கடிகாரம்தான். அமெரிக்க ராணுவம் 1978-ல் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது. ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம். 'இப்போது மணி இது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி நம்மிடம் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரம். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தப்பு. ஹாரிசன் கடிகாரத்தின் கொள்ளுப்பேரன்!

1983-ல் சோவியத் எல்லைக்குள் வழி தவறிப் போன கொரிய விமானம் சுடப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களுக்கும் இலவசம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். ஆனாலும் ராணுவம் அதில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்துவைத்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் அந்தப் பிழையை நீக்கச் சொன்னார். அன்றிலிருந்துதான் தெருமுனையைக் கூடச் சரியாகக் காட்ட ஆரம்பித்தது.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். கடிகாரம் ஆட்டமே இல்லாத வானத்துக்குப் போய்விட்டது. ஆட்டம் மொத்தமும் கீழே நம்ம கையில் இருக்கும் கருவிக்கு வந்துவிட்டது.

ஒற்றை சிலிண்டர் பைக் 5,000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் விநாடிக்கு 83 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. அந்த உதறல் ஃப்ரேம் வழியாக ஹேண்டில்பாருக்கு வரும். பேட்டரி செல் போடும் ஜிபிஎஸ் கருவிகளை ஆரம்பத்தில் பைக்கில் மாட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளே செல் குதித்து, ஒரு கணம் தொடர்பு விட்டுப்போய், கருவி தானாக அணைந்துவிடும்.

2006-ல் கார்மின் நிறுவனம் பைக்குக்கென்றே 'ஸூமோ' என்ற கருவியைக் கொண்டுவந்தது. மழையில் நனையலாம். கையுறையோடு தொடலாம். பொத்தான்கள் இடது பக்கம். ஏன்? வலது கைக்கு ஆக்ஸிலரேட்டர் வேலை இருக்கிறதே! இன்னொரு பக்கம், பந்து வைத்த பிடிப்பான்கள் பிரபலமாயின. ரப்பர் பூசிய ஒரு பந்து, அதைக் கவ்வும் இரண்டு பாதிக் கிண்ணங்கள், நடுவில் ஒரு திருகு. எந்தப் பக்கமும் திருப்பலாம். இறுக்கினால் அசையாது. அதிர்வில் கொஞ்சத்தை ரப்பர் விழுங்கிவிடும். ஃபிட்ஸ்ராயின் மரத்தூள், ரப்பராக மறுபிறவி எடுத்துவிட்டது.

அப்புறம் செல்போன் வந்து எல்லாக் கருவிகளையும் விழுங்கியது. 2017 டிசம்பரில் கூகுள் மேப்ஸ் டூவீலருக்கென்று தனி வழிகாட்டும் வசதியைத் தந்தபோது, உலகிலேயே முதலில் தந்தது இந்தியாவுக்குத்தான். 2020 அக்டோபரில் வந்த மோட்டார் வாகன விதியும், வண்டி ஓட்டும்போது செல்போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்றது.

2021 செப்டம்பரில் ஆப்பிள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. சக்திவாய்ந்த இன்ஜின் கொண்ட பைக்குகளில் ஐபோனை மாட்டாதீர்கள். அதிர்வில் கேமரா கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கை. கேமராவின் லென்ஸ் அசைந்து கொடுக்கும்படி உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. நம் கை நடுங்கினால் அது எதிர்ப்பக்கம் நகர்ந்து படத்தைக் காப்பாற்றும். ஹாரிசன் செய்த அதே எதிராட்ட வித்தை! ஆனால் கை நடுக்கத்துக்காகச் செய்ததை இன்ஜின் உதறலில் மணிக்கணக்கில் வைத்தால் தாங்குமா? மொபெட், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வு தாங்கும் ஹோல்டரைப் போடுங்கள் என்றது அதே குறிப்பு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கடல், பாலைவனம் எல்லாம் சுற்றி வந்ததன் சாரம் இதுதான்.

கூடியவரை ஹேண்டில்பாரின் ஓரத்தில் மாட்டாதீர்கள், நடுவில் மாட்டுங்கள். ஓரத்தில் ஆட்டம் அதிகம். ஸ்பீடோமீட்டரை மறைக்காமல், சாலையைப் பார்க்கும் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி குனிந்து பார்த்தால், வண்டி சுமார் 33 மீட்டர் குருட்டுப் பயணம் செய்திருக்கும். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். எதிலும் இடிக்கக் கூடாது. ஒயர் இழுபடக் கூடாது. பேட்டரியிலிருந்து சார்ஜர் இழுத்தால் நடுவில் ஃப்யூஸ் கட்டாயம். உறிஞ்சு கப் வைத்த ஹோல்டர் காருக்குச் சரி, பைக்குக்கு வேண்டாம். உலோகக் கிளாம்புக்கும் பாருக்கும் நடுவே ஒரு ரப்பர் துண்டு. ஹோல்டர் கைவிட்டாலும் போன் ரோட்டில் விழாமல் இருக்க ஒரு கயிறு. மாதம் ஒரு முறை ஸ்க்ரூவைச் சோதியுங்கள். அதிர்வில் முதலில் கழல்வது அதுதான்.

ஃபிட்ஸ்ராயின் சோதனையையும் செய்து பார்க்கலாம். ஹோல்டரில் போனுக்குப் பதில் அதே அளவில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகி, அதன் மேல் சிட்டிகை முகப்பவுடர் தூவுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்ஸிலரேட்டரைத் திருகுங்கள். பவுடர் பரதநாட்டியம் ஆடுகிறதா? உங்கள் போனும் தினமும் அதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

பி.காம். படித்தவன் என்பதால் கடைசியாக ஒரு கணக்கு. பீகிளின் 22 கிரோனோமீட்டர்களில் 11 அரசாங்கம் கொடுத்தவை. 6 ஃபிட்ஸ்ராய் தன் சொந்தக் காசில் வாங்கியவை. மீதி, கடன் கேட்டு வாங்கியவை. அரசாங்கம் அனுப்பிய கப்பலில், வேலைக்குத் தேவையான கருவியை வேலைக்காரரே வாங்கிக்கொண்டு போனார். அவர் வசதியான குடும்பத்துக்காரர், தாங்கினார்.

இன்றைக்கு நம் தெருக்களில் நாள் முழுக்க நீலக்கோட்டைப் பின்தொடரும் டெலிவரிக்காரருக்குப் பெரும்பாலும் பைக் அவருடையது, போன் அவருடையது, ஹோல்டர் அவருடையது. அந்தப் போன் வெயிலில் கொதிக்கிறது, மழையில் நனைகிறது, பள்ளத்தில் குதிக்கிறது. கணக்குப் பாடத்தில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். சொத்தை யார் பயன்படுத்தி லாபம் பார்க்கிறாரோ அவருடைய ஏட்டில்தான் தேய்மானம் எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே லாபம் ஒரு ஏட்டில், தேய்மானம் வேறொரு ஏட்டில்.

இருபது நிமிடத்தில் பிரியாணி வந்துவிட்டது என்று நாம் பாராட்டுவது செயலியை. அந்தப் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தவை இரண்டு ரப்பர் பேண்ட். அவற்றையும் அவர்தான் வாங்கினார்.